அழுத்தும்போதா, எடுக்கும்போதா

விடிகாலை ஐந்து நாற்பதுக்கு
என் வண்டி கத்துகிறதென்று
மாடிவீட்டு தெபொராள் சீட்டு எழுதி
வைப்பரில் செருகியிருந்தார்.
'கத்துகிறது' மட்டும் இரண்டு அடிக்கோடு.

பின்சீட்டை மடக்கி
வர்க்கித் தட்டுகள் அடுக்கிய பழைய ஜென்.
கேத்தி பாலாடாவிலிருந்து குன்னூர் வரை
பதினோரு டீக்கடை.
சந்து முடியும் வளைவில் முதல் பிரேக்;
அங்கேதான் அவருடைய ஜன்னல்.

பனி என்றேன் முதலில்.
ராத்திரி ஈரத்தில் டிஸ்க் துருப்பூக்கும்,
நாலு மிதி மிதித்தால் சரியாகிவிடும் என்றேன்.
"நாலு மாசமா மிதிக்கிறீங்க" என்றார்.

கபூர் பட்டறையில் நாலாயிரத்து ஐந்நூறு சொன்னார்கள்,
நான் வண்டியை விட்டு இறங்குமுன்பே.

ஞாயிறு ஆராதனை முடிந்து
வெள்ளைச் சேலையோடு சுவரோரம் நின்றார்,
நான் சந்தில் மேலும் கீழும் ஓட்ட.
நர்ஸ் வேலையில் பதினேழு வருஷம்.
வயிற்றுவலிக்காரரைக் கேட்பதுபோல் கேட்டார்:
அழுத்தும்போதா, எடுக்கும்போதா?
லேசாத் தொட்டாலா, பலமா அமுக்கினாலா?
வெறும் வயித்துலயா, சாப்பிட்ட பிறகா...
பாதியில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

லேசாய்த் தொட்டால் கீச்.
ஓங்கி மிதித்தால் மௌனம்.
பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வந்து
அவரை மறைத்த பிறகு
குரல் மட்டும் வந்தது:
"இடது. முன்னாடி. இப்போ. இப்போ."

கேரட் தோட்டத்துச் சுவரிலிருந்து இரண்டு கல்,
பின்சக்கரங்களுக்கு அணை.
சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை இளக்கி
அப்புறம்தான் ஜாக்கி.
(ஒருமுறை வரிசையை மாற்றிச் செய்ததற்கு
முழங்காலில் தழும்பு இருக்கிறது.)
பதினாலாம் நம்பர் ஸ்பானர்.
கழன்ற காலிப்பரைத் துணிக்கொடிக் கம்பியில் தொங்கவிட்டேன்,
ஹோஸ் பாரம் தாங்காது.
கறுப்புத் தூளை ஊதப்போனேன்.
"ஊதாதீங்க!"
மாடியிலிருந்து ஒரு மாஸ்க் விழுந்தது,
பின்னாலேயே ஒரு ஈரத்துணி.

பேட் தேய்ந்திருக்கவில்லை.
இன்னும் இரண்டு நூல் கனம் இருந்தது.
ஆனால் மேற்பரப்பு மினுங்கியது,
பழைய சலூன் கண்ணாடி மாதிரி, மங்கலாய்.
குனிந்தால் நான் தெரிந்தேன்.

பெட்ரோல் மிச்சமென்று
காட்டேரி இறக்கம் முழுக்க நியூட்ரலில் விட்டு
காலைப் பிரேக்கிலேயே ஊன்றி இறங்குகிற ஆள்.
'இரண்டாம் கியரில் செல்லவும்' என்பதை
லாரிக்காரர்களுக்கு எழுதியதாக நினைத்த ஆள்.
வெந்து வெந்து கண்ணாடியாகியிருந்தது.
மாசம் முந்நூறு ரூபாய் மிச்சம் பிடித்திருப்பேன்;
அந்த முந்நூறைத்தான்
மாடி ஜன்னல் தினமும் கேட்டிருக்கிறது.

தெபொராளிடம் சொன்னது:
"தூசி அடைச்சிருக்கு."

உப்புத்தாளைத் தரையில் விரித்து
பேடைக் கவிழ்த்து எட்டு எட்டாய்த் தேய்த்தேன்,
மினுக்கம் செத்துச் சொரசொரக்கும் வரை.
காய்ந்துபோன பின்னுக்கு கிரீஸ்,
பேடின் முதுகில் மெல்லிசாய் ஒரு பூச்சு.
முகத்தில் பொட்டளவும் படக்கூடாது.
"வலதையும் பாருங்க" என்றார் தெபொராள்,
"ஒரு கண்ணுக்கு மட்டும் சொட்டு விட்டு அனுப்பமாட்டோம்."
பாதி நாள் போயிற்று.
வண்டியை நகர்த்துமுன் பெடலைப் பலமுறை மிதித்தேன்;
முதலில் கால் பள்ளத்தில் விழுந்தது,
ஐந்தாவதில் கெட்டிப்பட்டது.

திங்கள். ஐந்து நாற்பது.
இரண்டாம் கியரில் என்ஜின் முனகியது.
பிரேக் வாய் திறக்கவில்லை.

சாயங்காலம் படியில் பார்த்தேன்.
கண் சிவந்திருந்தது அவருக்கு.
"இப்போ கத்தும் இப்போ கத்தும்னு
அஞ்சு மணியிலேர்ந்து முழிச்சே கிடந்தேன்."

பழக்கம் விட ஒரு வாரம் ஆகும் என்றேன்.
என் இடது கையையும் சேர்த்துத்தான் சொன்னேன்.
இறக்கம் தொடங்கியதும் அது
தானாக நியூட்ரலுக்குப் புறப்பட்டு
பாதியில் நிற்கிறது.